அம்பு எந்தப் பக்கம் பார்க்கணும்?

கேள்வி: சிடி பிளேயரை ஆம்ப்ளிஃபையரோடு இணைக்க ரிச்சி தெருவில் வாங்கிய ஆர்.சி.ஏ. கேபிளில் (ஆடியோ வயர்) அம்புக்குறி இருக்கிறது. மாற்றிச் செருகினால் ஆம்ப்ளிஃபையர் கெட்டுவிடுமா? 'உம்ம்' என்று இரைச்சலும் வருகிறது.
- மயிலாப்பூர் வாசகர்

பதில்: கெடாது சார். ஒலி சிக்னல் முன்னும் பின்னும் மாறி மாறி ஓடும் மின்னோட்டம். செம்புக் கம்பியில் ஒன்வே எல்லாம் கிடையாது.

ஆனால் சில கேபிள்களில் அம்புக்கு அர்த்தம் உண்டு. பிளக் மூடியைத் திருகிக் கழற்றிப் பாருங்கள். உள்ளே இரண்டு கம்பிகள், சுற்றிலும் செம்புப் பின்னல். அந்தப் பின்னலை ஒரு முனையில் மட்டும் பற்றவைத்து, மறுமுனையில் ஒட்ட நறுக்கியிருப்பார்கள். பற்றவைத்த முனை சிடி பிளேயர் பக்கம், அம்பு ஆம்ப்ளிஃபையரைப் பார்த்து, இதுதான் வழக்கம். மாற்றிப் போட்டாலும் பாட்டு கேட்கும்.

ஒரே கம்பியும் பின்னலும்தான் என்றால், பின்னல்தான் சிக்னல் திரும்பும் வழி. இரு முனையிலும் இணைந்தே ஆகணும். அங்கே அம்பு வெறும் அலங்காரம். அதற்குக் கூடுதல் காசு கேட்டால் நடையைக் கட்டுங்கள்.

'உம்ம்' சத்தம் பெரும்பாலும் நம் 50 ஹெர்ட்ஸ் கரண்டின் வேலை. இரண்டு கருவிகளையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகுங்கள். ஆடியோ கேபிளைக் கரண்ட் வயரோடு சேர்த்துக் கட்டாதீர்கள். அப்புறம், யார் சொன்னாலும் எர்த் பின்னைப் பிடுங்க வேண்டாம்; ஷாக் அடிக்கும்.