கடலடி மீத்தேன் மொத்தமும் ஒரே நாளில் வெளியே வந்து உலகம் அழிந்துவிடும் என்கிறார்களே, உண்மையா?

நடுராத்திரியில் ஏதோ வீடியோ பார்த்துவிட்டுத்தான் இதைக் கேட்டிருப்பீர்கள். ஆர்க்டிக்குக்கு அடியில் வெடிகுண்டு இருக்கிறது என்கிற ரகம். மீத்தேன் வாயு நிறைந்த கடலடிச் சேற்றைக் கையால் அள்ளியவன் என்பதால் எனக்கு எரிச்சல் வருகிறது.

நான் பார்த்தது ஆர்க்டிக் இல்லை, பால்டிக் கடல். ஜெர்மனியில் கீல் நகரத்துக்குப் பக்கத்தில் எக்கர்ன்ஃபோர்டே விரிகுடா, ஆழம் முப்பது மீட்டர்கூட வராது. பிப்ரவரிக் குளிரில் குழாயை இறக்கிச் சேறு எடுத்தோம். மேலே வர வர அழுத்தம் குறைந்து உள்ளே இருக்கிற வாயு விரியும், சேறு தானாகவே விரிசல் விட்டு, குழாய் வாயில் பிதுங்கிக்கொண்டு நிற்கும். அழுகிய முட்டை நாற்றம். அது ஹைட்ரஜன் சல்பைடு, மீத்தேனுக்கு வாசனையே கிடையாது. நுனி வெட்டிய சிரிஞ்சில் சேற்றை இழுத்துக் குப்பியில் தள்ளி உடனே ரப்பர் மூடியை இறுக்க வேண்டும், கை மரத்துப்போயிருந்தாலும் சரி. இதில் சைவம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்தும் மத்தியானம் வந்தது தொத்திறைச்சி மிதக்கும் பட்டாணி சூப். எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடு என்றார்கள். அந்தக் கோபம் இன்னும் போகவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சேற்றில் உண்டாகிற மீத்தேனில் பெரும்பகுதி தண்ணீரைத் தொடுவதற்கு முன்பே காலி. கடல்நீரில் கரைந்திருக்கிற சல்ஃபேட் என்கிற உப்பை வைத்துக்கொண்டு ஆக்சிஜன் இல்லாமலே அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் சேற்றிலேயே இருக்கின்றன. தப்பித்து வருகிற குமிழியும் ஆழமான கடல் என்றால் வழியிலேயே கரைந்துவிடும். ஆர்க்டிக்கில் இருக்கிற நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளுக்கு மேற்கே 2008இல் வரிசையாகக் குமிழிகளைக் கண்டுபிடித்ததும் வெப்பமாதல்தான் காரணம் என்று பேச்சு கிளம்பியது. அப்புறம் மீத்தேன் கசிகிற இடத்தில் மெல்ல மெல்லப் படிகிற கார்பனேட் என்கிற சுண்ணாம்புப் பாறையை அங்கே ஆராய்ந்தால், மூவாயிரம் வருஷமாவது கசிந்துகொண்டிருக்கிறது என்று தெரிந்தது.

உடனே எண்ணெய் கம்பெனி ஆள் என்று என்னைத் திட்ட வராதீர்கள். கவலையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மீத்தேன் இருபது வருஷக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைப் போல எண்பது மடங்கு சூடேற்றும். ஆனால் கவனிக்க வேண்டியது இந்த ஆழமில்லாத கரையோரக் கடல்களைத்தான். குமிழி கரைய இங்கே நேரமில்லை. 2014 இலையுதிர் காலத்தில் இதே எக்கர்ன்ஃபோர்டேயில் புயலோடு அழுத்தம் ஏறி இறங்கியதில் விரிகுடாவின் பெரும்பரப்பில் குமிழி கிளம்பியதை எதிரொலிக் கருவியிலேயே (சோனார்) பார்த்திருக்கிறார்கள். வயலில் போட்ட உரம் ஆற்றோடு வந்து கடலில் பாசி பெருகி, அது செத்து அடியில் படிந்தால் மீத்தேனுக்கு இன்னும் தீனி. இதைப் பற்றி ஒரு வீடியோகூட வராது, ஏனென்றால் இதில் வெடிகுண்டு இல்லை.