ஓட்டம் சோறு போடுமா என்று கேட்ட அம்மாவுக்கு

வணக்கம்மா. உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள், பிறவியிலேயே பார்வை இல்லை, ஒரு வருடமாகக் கைட்டோடு (கூடவே வந்து வழிகாட்டுபவர்) கயிறு பிடித்து ஓடுகிறாள், பயிற்சியாளர் மாநிலப் போட்டிக்கு அனுப்பச் சொல்கிறார், அவள் அப்பாவோ ஓடினது போதும், பேங்க் பரீட்சைக்குப் படிக்கட்டும் என்கிறார், நடுவில் நீங்கள் தூக்கமில்லாமல் கிடக்கிறீர்கள். "ஓட்டம் சோறு போடுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஓட்டம் மட்டும் போடாது. அதற்காக நிறுத்தியும் விடாதீர்கள். ஏன் என்பதற்கு எனக்கு ரொம்பப் பிடித்த ஒருவரின் வாழ்க்கையைச் சொல்கிறேன்.

வெரேனா பென்டெலே. தெற்கு ஜெர்மனிக்காரர், 1982இல் பிறந்தவர், விவசாயக் குடும்பம். அவருக்கும் பிறவியிலேயே பார்வை கிடையாது, அவருடைய சகோதரர் ஒருவரும் பார்வையற்றவர்தான். அந்த வீட்டில் பிள்ளைகளைப் பொத்தி வைக்கவில்லை. 16 வயதில், அதாவது உங்கள் மகளின் வயதில், 1998இல் ஜப்பானின் நகானோவில் நடந்த, மாற்றுத்திறனாளிகளுக்கான குளிர்காலப் பாராலிம்பிக்கில் கலந்துகொண்டார். கிராஸ் கன்ட்ரி பனிச்சறுக்கு, பயத்லான் இரண்டும் அவருடைய விளையாட்டுகள். பயத்லான் என்றால் பனியில் கிலோமீட்டர் கணக்கில் சறுக்கி வந்து, மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போதே படுத்துக் குறி பார்த்துச் சுட வேண்டும், எழுந்து மறுபடியும் சறுக்க வேண்டும். குறி தப்பினால் தண்டனையாகக் கூடுதல் சுற்று அல்லது கூடுதல் நேரம்.

பார்வையில்லாதவர் எப்படிச் சுடுவார் என்றுதான் முதலில் தோன்றும். காதால் சுடுகிறார்கள். குறிப்பலகை 10 மீட்டர் தூரத்தில் இருக்கும், துப்பாக்கி மின்னணுத் துப்பாக்கி, காதில் ஹெட்போன். துப்பாக்கி முனை நடுப்புள்ளியை நெருங்க நெருங்க ஒலியின் சுருதி ஏறிக்கொண்டே போகும், உச்சத்தைத் தொடும் நொடியில் விசையை அழுத்த வேண்டும். இதயம் படபடவென்று அடிக்கும்போது அந்த நுண்ணிய வித்தியாசத்தைப் பிடிப்பதற்கு எத்தனை வருடப் பயிற்சி வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். சறுக்கும்போது முன்னால் ஒரு கைட் போவார், வளைவு, இறக்கம், இடது, வலது என்று குரல் கொடுத்துக்கொண்டே. அந்தக் குரல்தான் பாதை.

இப்போது உங்கள் பயத்துக்கு வருகிறேன், விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று எழுதியிருந்தீர்களே. வெரேனா விழுந்தார். 2009 ஜனவரியில் நெசல்வாங் என்ற ஊரில் நடந்த ஜெர்மன் சாம்பியன்ஷிப்பில், கைட் திசையைத் தவறாகச் சொன்னதால் பாதையை விட்டு விலகி, தண்ணீர் வற்றிய ஓடைக்குள் போய் விழுந்தார். முழங்கால் தசைநார் அறுந்தது, கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் காயம். இதைச் சொல்லாமல் தங்கப் பதக்கங்களை மட்டும் உங்களிடம் காட்டினால் அது நேர்மையாக இருக்காது. யாருடைய குரலை நம்பி ஓடினாரோ அந்தக் குரலே ஏமாற்றிய பிறகு, எலும்பும் தசையும் ஆறுவதைவிட அந்த நம்பிக்கை ஆறுவதுதான் கஷ்டம். தாமஸ் ஃப்ரீட்ரிக் என்ற புதிய கைட்டோடு மறுபடி தொடங்கினார். 2010 மார்ச்சில் வான்கூவர் பாராலிம்பிக்கில் ஐந்து தங்கம் வாங்கினார். மொத்தத்தில் பாராலிம்பிக்கில் அவருக்கு 12 தங்கம்.

அதனால் உங்கள் மகளைப் பற்றி நான் முதலில் கேட்பது எத்தனை நொடியில் ஓடுகிறாள் என்பதை இல்லை. கைட் யார்? தினமும் அதே ஆள்தான் வருகிறாரா, அல்லது அன்றைக்கு யார் கிடைக்கிறார்களோ அவர்களா? அவளைவிட வேகமாக ஓடத் தெரிந்தவரா? இல்லையென்றால் ஒரு கட்டத்தில் இவள்தான் அவரை இழுத்துக்கொண்டு ஓட வேண்டியிருக்கும். அவளுக்கு அவரைப் பிடிக்கவில்லை என்றால் தயங்காமல் சொல்லக்கூடிய சூழ்நிலை அங்கே இருக்கிறதா? பெண் பிள்ளை, வெளியூர்ப் போட்டி, தங்குமிடம், இதையெல்லாம் பயிற்சியாளரிடம் உட்கார்ந்து கேளுங்கள், சங்கடப்பட வேண்டாம். முகம் சுளிக்காமல் பதில் சொல்கிறவரிடம்தான் பிள்ளையை ஒப்படைக்க வேண்டும்.

அப்புறம் சோறு. வெரேனா பதக்கம் வாங்கிக்கொண்டிருந்த அதே வருடங்களில் மியூனிக் பல்கலைக்கழகத்தில் ஜெர்மன் இலக்கியமும், மொழியியலும், கல்வியியலும் படித்தார். 2011இல் விளையாட்டிலிருந்து ஓய்வு பெற்றபோது வயது 29, கையில் பட்டம் இருந்தது. நிறுவனங்களில் பயிற்சி வகுப்பு, மேடைப் பேச்சு என்று வேலை செய்தார். 2014இல் ஜெர்மன் அரசு அவரை மாற்றுத்திறனாளிகள் விவகாரங்களுக்கான ஆணையராக நியமித்தது. அந்தப் பொறுப்புக்கு மாற்றுத்திறனாளி ஒருவரே வந்தது அதுதான் முதல் தடவை. 2018இல் ஃபாவ்டேகா (VdK) என்ற சமூக நலச் சங்கத்தின் தலைவரானார். இன்று 20 லட்சத்துக்கும் மேல் உறுப்பினர்கள் உள்ள சங்கம் அது, பென்ஷன், மருத்துவம், பராமரிப்பு என்று சாதாரண மக்களின் உரிமைக்காக அரசோடு மல்லுக்கட்டுகிற இடம். 12 தங்கம் மட்டும் இருந்திருந்தாலோ, பட்டம் மட்டும் இருந்திருந்தாலோ அவர் இவ்வளவு தூரம் வந்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. இலக்கியம் படித்தவரின் பேச்சும், அந்நியர் குரலை நம்பி மலைச்சரிவில் இறங்கியவரின் தைரியமும் ஒரே ஆளிடம் இருந்தன.

அவள் அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்: பேங்க் வேலைக்கான பெரும்பாலான தேர்வுகளுக்குப் பட்டமும் வேண்டும், 20 வயதும் ஆக வேண்டும். 16 வயதுப் பிள்ளை அதற்காக இன்றைக்கே ஓட்டத்தை நிறுத்தி என்ன ஆகப்போகிறது? 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அரசு வேலையில் நான்கு சதவீத ஒதுக்கீடு, அதில் ஒரு சதவீதம் பார்வையற்றவர்களுக்கும் பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கும். அரசுக் கல்லூரி, அரசு உதவி பெறும் கல்லூரி இரண்டிலும் ஐந்து சதவீத இடம். ஓடினாலும் ஓடாவிட்டாலும் அந்த உரிமை அவளுக்கு உண்டு. விளையாட்டு ஒதுக்கீடு அதற்கு மேல் திறக்கக்கூடிய இன்னொரு கதவு. திறந்தால் நல்லது, அதை மட்டும் நம்பிப் படிப்பை விட வேண்டாம்.

அவளுக்குத் தமிழ் இலக்கியம் பிடிக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். சரி, அதையே கல்லூரியில் எடுக்கட்டும். கணினித் திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் மென்பொருளை இப்போதே நன்றாகப் பழகட்டும், எந்த வேலைக்குப் போனாலும் அதுதான் கை கொடுக்கும். காலையில் ஓட்டம், சாயங்காலம் படிப்பு, பொதுத்தேர்வுக்கு முந்தைய இரண்டு மாதம் ஓட்டத்தைக் குறைக்கலாம், முழுசாக விட வேண்டாம்.

இன்னும் ஒன்று. இந்த ஞாயிற்றுக்கிழமை அவளோடு மைதானத்துக்குப் போங்கள். உங்கள் கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டு, அவளுடைய கைட்டோடு அந்தக் கயிற்றைப் பிடித்து 100 மீட்டர் நடந்து பாருங்கள், முடிந்தால் ஓடுங்கள். அப்போது உங்கள் கால் எங்கே தயங்கியது, எந்த இடத்தில் பயம் விட்டது என்பதை எனக்கு எழுதுங்கள், மாநிலப் போட்டிக்கு அனுப்பலாமா என்று அதை வைத்துப் பேசலாம். அவள் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.