மனநல விடுதியில் எதைப் பார்ப்பது, எதை எழுதுவது? தாதியிடம் சில கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் மனநல விடுதி ஒன்றில் பணியாற்றும் மூத்த தாதிய உத்தியோகத்தர் பதிலளிக்கிறார்.

பயிற்சித் தாதி, கோப்பாய்: அக்கா, மதிப்பீடு, தாதியியல் நிர்ணயம், திட்டமிடல், செயற்படுத்தல், மீளாய்வு என்று தாதியர் பராமரிப்பின் ஐந்து படிகளையும் பாடமாக்கி வைத்திருக்கிறேன். எனக்குத் தந்த நோயாளி வாயே திறக்கவில்லை. முதற்படியிலேயே நிற்கிறேன்.

பேசாதவரிடம்தான் தங்கச்சி பார்ப்பதற்கு நிறைய இருக்கிறது. காலைத் தேநீரைக் கட்டிலருகே வைத்துவிட்டுச் சற்றுத் தள்ளி இருந்து பாருங்கள். கை நீள்கிறதா? நீண்டு பாதியில் நிற்கிறதா? நீங்கள் விலகிய பிறகு மட்டும் குடிக்கிறாரா? யாரும் இல்லாத பக்கம் திரும்பி உதடு அசைகிறதா? முகர்ந்து பார்த்துவிட்டு வைப்பவருக்கு, அதில் ஏதோ கலந்திருக்கிறது என்ற பயம் இருக்கலாம். கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் எடுக்க முடியாதவருக்குக் கடும் மனச்சோர்வு இருக்கலாம். தூக்கிவிட்ட கை தூக்கிய இடத்திலேயே நின்றால் உடனே வைத்தியருக்குச் சொல்லுங்கள். அன்று முதல் குடித்த நீரும் போன சிறுநீரும் அளக்கப்பட வேண்டும்.

பதிவேட்டில் "ஒத்துழைக்கவில்லை" என்று எழுதுவதைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். அதில் எழுதியவரின் அலுப்பைத் தவிர வேறொன்றும் தெரியாது. "7.10க்குத் தேநீர் வைக்கப்பட்டது. இரு தடவை கை நீட்டினார், தொடவில்லை. 7.40க்கு உதவியுடன் அரைக் கோப்பை குடித்தார்" என்று எழுதிப் பாருங்கள். இரவுப் பணிக்கு வருபவர் விட்ட இடத்திலிருந்து தொடருவார்.

அதே மாணவி: வைத்தியர் மனச்சோர்வு என்று எழுதிய பிறகு நாங்கள் வேறொரு நிர்ணயம் எழுதுவது ஏன்?

வைத்தியர் நோய்க்குப் பெயர் வைக்கிறார். அந்த நோய் இவருடைய தூக்கத்தை, சாப்பாட்டை, குளியலை, உயிரை என்ன செய்கிறது என்பதை நாங்கள் எழுதுகிறோம். "நன்றாகத் தூங்குவார்" என்ற இலக்கை எதைக்கொண்டு அளப்பீர்கள்? "மூன்றாம் இரவுக்குள் ஐந்து மணி நேரம் விழிக்காமல் தூங்குவார்" என்றால் அளக்கலாம். நடக்கவில்லையா, திரும்பவும் மதிப்பீட்டுக்குப் போங்கள். பகலெல்லாம் தூங்குகிறாரோ, யார் கண்டது!

சமூகத் தாதி, வலிகாமம்: தற்கொலை பற்றிக் கேட்டால், இல்லாத எண்ணத்தை நாமே ஊட்டுவதாகிவிடாதா?

ஆகாது. பலருக்கு, சொல்வதற்கு ஓர் ஆள் கிடைத்த ஆறுதல்தான் வருகிறது. தூக்கத்தில் தொடங்குங்கள். பிறகு, "ஏன்தான் விடிகிறதோ என்று இருக்கிறதா?", "செத்துப்போனால் நல்லது என்று நினைத்ததுண்டா?", "எப்படி என்று யோசித்தீர்களா?", "முன்பு முயன்றதுண்டா?" என்று படிப்படியாகப் போகலாம். வீட்டில் தோட்ட மருந்து, அதாவது பூச்சிகொல்லி, எங்கே இருக்கிறது, திறப்பு யாரிடம் என்பதையும் கேட்டேயாக வேண்டும். வெங்காயமும் புகையிலையும் செய்யும் ஊரில் இதைக் கேளாத மதிப்பீடு அரைகுறைதான். இலங்கை 1995இல் கடும் நச்சுப் பூச்சிகொல்லிகளையும் 1998இல் எண்டோசல்பானையும் தடைசெய்த பின் தற்கொலை மரணங்கள் பெருமளவு குறைந்தன. மருந்து கைக்கெட்டாமல் இருந்தால் அந்தப் பொல்லாத நேரம் கடந்துபோக இடமுண்டு.

தற்கொலை முயற்சி 1998 முதல் குற்றமில்லை. பொலிஸ் வரும் என்ற பயத்தில் இன்னும் மறைக்கிறார்கள், ஆகவே இதையும் சொல்லுங்கள். "யாருக்கும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். திட்டம் இருப்பதாகத் தெரிந்தால் ஆளைத் தனியே விடாமல் உடனே வைத்தியரிடம் சேர்ப்பிக்க வேண்டும். வீட்டாருக்குத் தேசிய மனநல உதவி இலக்கமான 1926ஐ எழுதிக் கொடுங்கள்.

மகள், சாவகச்சேரி: தனக்குச் செய்வினை செய்துவிட்டார்கள் என்கிறார் அப்பா. இது மனநோயா?

அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது பிள்ளை. வீடும் அயலும் சேர்ந்து நம்பினால் அது ஊர் நம்பிக்கை. நூல் கட்டுவதையோ நேர்த்தி வைப்பதையோ நாங்கள் மறிப்பதில்லை. உங்கள் வீட்டாரே "இவர் முன்பு இப்படியில்லை" என்று சொல்லுமளவுக்கு ஆள் மாறி, சாப்பாட்டை ஒதுக்கி, வெளியே போகப் பயந்தால் கிளினிக்குக்குக் கூட்டி வாருங்கள். அதுவரை வாதாடவும் வேண்டாம், ஆமாம் போடவும் வேண்டாம்.

மருமகள், பருத்தித்துறை: மாமிக்கு 74 வயது. நேற்றிரவிலிருந்து என்னை அடையாளம் தெரியவில்லை, இறந்துபோன மாமாவோடு பேசுகிறார். மனநல விடுதிக்கா கொண்டுவருவது?

அவசர சிகிச்சைப் பிரிவுக்கு, இப்போதே. அம்புலன்ஸுக்கு 1990ஐ அழையுங்கள். ஓர் இரவில் வந்த குழப்பத்துக்கு உடம்பில்தான் முதலில் காரணம் தேடுவோம்: சீனி இறங்கியிருக்கலாம், சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம், சோடியம் குறைந்திருக்கலாம், விழுந்து தலை அடிபட்டிருக்கலாம், புதிதாகத் தொடங்கிய குளிசையாகவும் இருக்கலாம். குளிசைகள் எல்லாவற்றையும் கிளினிக் கொப்பியையும் கொண்டு வாருங்கள். இடையில் தெளிந்து மறுபடி குழம்பினால் நேரத்தைக் குறித்து வையுங்கள்.

பயிற்சித் தாதி, தெல்லிப்பழை: ஆச்சிமாரிடம் திகதி கேட்டால் தெரியாது என்கிறார்கள். நினைவு தப்பியதாக எழுதலாமா?

வேண்டாம். ஆடி அமாவாசை வந்துவிட்டதா, நல்லூரில் கொடி ஏறிவிட்டதா என்று கேளுங்கள். அமாவாசையின் ஆறாம் நாள் கொடி, பிறகு 25 நாள் திருவிழா என்று உங்களுக்கே பாடம் எடுப்பார்கள். கிறிஸ்தவ ஆச்சியிடம் நத்தாரைக் கேளுங்கள். கவனத்தைச் சோதிக்க 100இலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொல்வதைவிட, 380 ரூபாய்க்கு மரக்கறி வாங்கி 500 கொடுத்தால் மிச்சம் என்ன என்பது நல்ல கேள்வி. பள்ளிக்கூடம் போகாதவரும் சந்தைக்குப் போயிருப்பார்.

கணவர், வட்டுக்கோட்டை: மனைவி மனநிலையைச் சீராக வைக்கும் லித்தியம் குளிசை எடுக்கிறார். கந்தசஷ்டி விரதம் பிடிக்கலாமா?

வைத்தியரிடம் கேளாமல் வேண்டாம். உடம்பில் நீரும் உப்பும் குறைந்தால் இரத்தத்தில் லித்தியம் ஏறும். நடுக்கம் கூடினாலோ, வாந்தி, வயிற்றோட்டம், தள்ளாட்டம், நாக்குழறல் வந்தாலோ அடுத்த குளிசையைக் கொடுக்காமல் அப்போதே வைத்தியசாலைக்குக் கொண்டுவாருங்கள்.