பசங்கள வெளிய கூட்டிட்டு போக கார் லோன் எடுக்கலாமா?

கேள்வி: சார், நாங்க குரோம்பேட்டைல வாடகை வீட்ல இருக்கோம். ரெண்டு பேர் சம்பளமும் சேர்த்து மாசம் 52,000 வருது. பையனுக்கு 16, பிளஸ் ஒன் படிக்கறான், பொண்ணுக்கு 13. ஒரு டூவீலர் தான் இருக்கு, நாலு பேர் போக முடியல. கேப் புக் பண்ணி மால் போய்ட்டு வந்தா 3,000 காலி. 5 லட்சத்துக்கு ஒரு பழைய கார் பார்த்து வச்சிருக்கோம், கைல 1 லட்சம் இருக்கு, மீதி லோன். இன்னும் கொஞ்ச வருஷம் தான் பசங்க நம்மகூட வருவாங்கன்னு மனசு அடிச்சுக்குது. வாங்கலாமா?

பதில்: உங்க மனசு புரியுது சகோதரி, அந்த கவலை நியாயமானது தான். ஆனா இப்ப கார் வேணாம். 4 லட்சம் லோன், 13% வட்டி, 5 வருஷம்னு வச்சா மாசம் சுமார் 9,100 இஎம்ஐ. பெட்ரோல், இன்சூரன்ஸ், சர்வீஸ்னு இன்னொரு 3,000 வச்சுக்கோங்க, ஆக 12,000 ஆச்சு. மாசத்துல ரெண்டு ஞாயித்துக்கிழமை வெளிய போறீங்கன்னா ஒரு தடவைக்கு 6,000 விழுது, அதுவும் சாப்பாட்டு செலவு இல்லாம! இப்ப 3,000 ஆகுதுன்னு தானே கேள்வியே வந்துச்சு. அதுமட்டும் இல்ல, இந்த லோன் பையன் காலேஜ் முடிக்கற வரைக்கும் ஓடும். அதே 9,100-ஐ ரெண்டு வருஷம் ஆர்டில, அதாவது பேங்க்ல மாசாமாசம் கட்டற சேமிப்புல, போட்டா வட்டி சேர்க்காமலே 2,18,400 இருக்கும், அவனுக்கு ஃபீஸ் கட்டற நேரத்துல அது கைல இருக்கும். அந்த 1 லட்சத்த தொடாதீங்க, ஆஸ்பத்திரி செலவு வேலை போறதுன்னு ஏதாவது வந்தா உங்களுக்கு இருக்கறது அது ஒண்ணு தான்.

சரி, அப்ப வெளிய போறது? குரோம்பேட்டைலயே ரயில்வே ஸ்டேஷன் இருக்கு, அதுவே பெரிய வசதி. தாம்பரத்துல இருந்து பீச் வரைக்குமே எலக்ட்ரிக் ட்ரெயின் டிக்கெட் 10 ரூபாய் தான், நாலு பேர் எழும்பூர் போய்ட்டு வர 80 ரூபாய்க்கு மேல ஆகாது. அங்க 1851-ல ஆரம்பிச்ச மியூசியம் இருக்கு, சோழர் கால ஐம்பொன் சிலைங்கள நின்னு நிதானமா பார்க்கலாம், டிக்கெட்டும் பெருசா ஒண்ணும் இல்ல. சாயங்காலம் கோட்டை ஸ்டேஷன்ல பறக்கும் ரயில் மாறி சேப்பாக்கம் இறங்குனா மெரினா. பையனுக்கு படிப்பு டென்ஷன்னா கோட்டூர்புரம் அண்ணா நூலகத்துக்கு அனுப்புங்க, ஒன்பது மாடி, உள்ள போக காசே கிடையாது. சாதாரண கட்டண பஸ்ல உங்களுக்கும் பொண்ணுக்கும் டிக்கெட் இல்லைங்கறதையும் கணக்குல சேர்த்துக்கோங்க.

கொஞ்சம் தூரமா போகணும்னா மாமல்லபுரம். தாம்பரத்துல இருந்து 515 பஸ் இருக்கு. கடற்கரை கோயிலுக்கும் ஐந்து ரதத்துக்கும் சேர்த்து ஒரே டிக்கெட், பெரியவங்களுக்கு 40 ரூபாய், 15 வயசுக்கு கீழ இலவசம். அதாவது உங்க மூணு பேருக்கு 120, பொண்ணுக்கு ஒண்ணும் இல்ல. அர்ஜுனன் தபசு சிற்பம் செதுக்கின பாறை ரோட்டோரத்துலயே இருக்கு, அதுல ஒரு பூனை கைய தூக்கிட்டு நின்னு தவம் பண்ணும், அத சுத்தி எலிங்க இருக்கும். அது எங்க இருக்குன்னு நீங்க காட்டாதீங்க, பசங்களே தேடி கண்டுபிடிக்கட்டும்.

இப்ப நான் முக்கியமா சொல்ல வந்தது. இந்த வயசு பசங்கள "வா போலாம்"னு இழுத்துட்டு போனா மூஞ்சிய தூக்கி வச்சுட்டு போன்ல தான் இருப்பாங்க, அதனால காசையும் பிளானையும் அவங்க கைலயே குடுத்துடுங்க. எங்க வீட்ல அப்படித்தான் பண்ணோம், 600 ரூபாய கவர்ல போட்டு பொண்ணுகிட்ட குடுத்து இதுக்குள்ள நாலு பேரையும் எங்க வேணாலும் கூட்டிட்டு போ, மிச்சம் ஆனா உனக்குன்னு சொன்னேன். அவ ராத்திரியே பஸ் நம்பர் எல்லாம் நோட்டுல எழுதி, காலைல அம்மாகூட நின்னு எலுமிச்சை சாதம் கிளறி, ரெண்டு லிட்டர் பாட்டில்ல தண்ணி புடிச்சு வச்சுட்டா. பீச்ல தம்பி ரெண்டாவது தடவை பஜ்ஜி கேட்டப்ப கவர பிரிச்சு பார்த்துட்டு "ஒரு பிளேட் தான், பாதி பாதி"ன்னா. வீட்டுக்கு வர்றப்ப 140 மிச்சம். எனக்கு அன்னைக்கு அவ்ளோ சந்தோஷம், காசுக்காக இல்ல.

எங்க கைய கடிக்கும்னா ரெண்டு இடம். ஒண்ணு மத்தியான சாப்பாடு, நாலு பேர் ஓட்டல்ல உட்கார்ந்தா ஈசியா 800 போயிடும், கட்டுசாதம் எடுத்துக்கோங்க. இன்னொண்ணு திரும்பி வர்ற நேரம், எல்லாரும் களைச்சு போய் "ஒரு கேப் போட்டுடலாம்"னு வாயில வந்துடும், அப்பதான் ரேட்டும் ஏறி கிடக்கும், அதனால இருட்டறதுக்கு முன்னாடியே கிளம்பிடுங்க.

மாசம் 1,500 ஒதுக்குங்க, ரெண்டு தடவைக்கு தாராளம். காருக்கு இன்னும் அட்வான்ஸ் குடுக்கலைன்னா குடுக்காதீங்க. முதல் கவர பையன்கிட்ட குடுங்க, அவன் எழும்பூர்னு சொன்னா வெள்ளிக்கிழமை மட்டும் வேணாம்னு சொல்லுங்க, அன்னைக்கு மியூசியம் லீவு.