கைப்பட்டைக்கு வெளியே ஒரு நாடு

கேள்வி: யாழ்ப்பாணத்தை விட்டு வந்த பிறகு நானும் கணவரும் சேர்ந்து போகும் முதல் விடுமுறை இது. முப்பதாவது திருமண நாளுக்காக மகனும் மருமகளும் ஜமைக்காவின் மான்டிகோ பேயில் ஒரு வாரத்துக்கு முன்பதிவு செய்திருக்கிறார்கள். ‘பெரியவர்களுக்கு மட்டும்’ என்று போட்ட விடுதி. அதைக் கேட்டதும் கணவர் முகம் சுளிக்கிறார். சாப்பாடு, பானம், கேளிக்கை எல்லாம் கட்டணத்தில் அடக்கம், வாசலைத் தாண்டவே தேவையில்லை, தாண்டினால் ஆபத்து என்கிறாள் என் தங்கை. போகலாமா?
– ஒரு வாசகி, ஸ்கார்பரோ, கனடா

பதில்: கட்டாயம் போய் வாருங்கள், அம்மா. முப்பது ஆண்டு உழைத்துப் பிள்ளைகளை ஆளாக்கிய இருவருக்கு ஒரு வாரக் கடல்காற்று வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

உங்கள் கணவரின் தயக்கத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். பதினெட்டு வயது நிரம்பாதவர்களுக்கு அறை கிடையாது என்பதுதான் அந்த வாசகத்தின் பொருள். நீச்சல்குளத்தில் கூச்சல் இருக்காது, இரவுச் சாப்பாட்டை ஆற அமர உண்ணலாம். நெக்ரில் பக்கம் ஆடையில்லாமல் குளிக்கக் கரை ஒதுக்கிய விடுதிகளும் உண்டு. அவை அதை வெளிப்படையாகச் சொல்லித்தான் ஆள் சேர்க்கின்றன; மகனிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும். ஜமைக்காவுக்கு இது பழைய வழக்கம். 1978இல் ஓச்சோ ரியோஸில் தம்பதியருக்கு மட்டும் என்று ஒரு விடுதி திறந்தது. 1981இல் கார்டன் ஸ்டூவர்ட் என்ற உள்ளூர் வியாபாரி மான்டிகோ பேயில் அதே முறையில் இன்னொன்றைத் தொடங்கினார். ‘எல்லாம் அடக்கம்’ என்ற முறை அதற்கும் மூத்தது. 1950இல் ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் கூடாரம் அடித்துத் தொடங்கியது.

என்னை உறுத்துவது உங்கள் தங்கை சொன்னதுதான். வாசலைத் தாண்டத் தேவையில்லை என்பதை அவர் வசதியாக நினைக்கிறார். நீங்களும் அதை மறுக்காமல் எனக்கு எழுதி அனுப்பியிருக்கிறீர்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் நானும் மனைவியும் அதே கரையில் ஒரு விடுதியில் ஐந்து நாள் தங்கினோம். நுழைந்தவுடன் மணிக்கட்டில் ஒரு பட்டையை இறுக்கிவிட்டார்கள். புறப்படும் நாளில் கத்தரிக்கோலால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். அது கையில் இருந்தால் எதைக் கேட்டாலும் வரும். மூன்றாம் நாள் காலை, கடலுக்குள் முழங்காலளவு தண்ணீரில் ஒரு முதியவர் அசையாமல் நின்றார். தோளில் நனையாமல் தூக்கிப் பிடித்த துணிப்பை, கையில் மரத்தில் செதுக்கிய ரீங்காரச்சிட்டு. அது அந்த நாட்டின் தேசியப் பறவை. மணலில் காலை வைத்தால் காவலாளி விரட்டுவார் என்பதால் தண்ணீரிலேயே நின்று விற்றுக்கொண்டிருந்தார். என் மனைவி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கிப் போய் ஒன்றை வாங்கினார். “சின்ன வயதில் இந்த இடத்தில்தான் நீச்சல் பழகினேன்” என்று அவர் சொன்னாராம். அலைக்குத் தக்கபடி காலை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டு அவர் மீதிச் சில்லறையை எண்ணியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

இதற்கு ஒரு சட்டம் இருக்கிறது. ஜமைக்கா பிரிட்டனின் கையில் இருந்தபோது, 1956இல் வந்த கடற்கரைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அது. கரையோர நிலம் அரசுக்கு உரியது, பொதுமக்களுக்கு அதன்மேல் பொதுவான உரிமை கிடையாது, உரிமம் பெற்றவர் பயன்படுத்தலாம் என்று அது வைத்தது. 1962இல் நாடு விடுதலை பெற்றது, சட்டம் மட்டும் அப்படியே நிலைத்துவிட்டது. கரையை மீட்க உள்ளூர் மக்கள் இன்றும் நீதிமன்றம் ஏறிக்கொண்டிருக்கிறார்கள். அதே கரீபியனில் பார்படோஸின் கடற்கரைகள் எல்லோருக்கும் பொது.

கரை அடைபட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? யாழ்ப்பாணத்து மயிலிட்டித் துறைமுகம் 1990 முதல் 2017 வரை ராணுவத்தின் வேலிக்குள் கிடந்தது. படையின் வேலியும் விடுதியின் வேலியும் ஒன்றென்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் தன் கடலைத் தள்ளி நின்று பார்ப்பவரின் முகம் உங்களுக்குப் பழக்கமான முகம்.

ஆகவே ஒரு வாரத்தில் இரண்டு பகலையாவது வெளியே கழியுங்கள். நகரின் நடுவில் சாம் ஷார்ப் சதுக்கம் இருக்கிறது. கூலி கொடுத்தால்தான் கரும்பு வெட்டுவோம் என்று 1831 கிறிஸ்துமஸ் சமயத்தில் அடிமைகளைத் திரட்டியவர் சாம் ஷார்ப். தோட்டங்கள் எரிந்தன, ராணுவம் வந்தது. 1832 மே 23 அன்று அவரை மான்டிகோ பேயின் சந்தைத்திடலில் தூக்கிலிட்டார்கள். அடுத்த ஆண்டே லண்டனில் அடிமை ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. முழு விடுதலை 1838இல் வந்தது. தோட்ட முதலாளிகள் அதன்பின் ஆள் தேடிய இடம் இந்தியா. 1845 மே 10 அன்று முதல் கப்பல் ஒப்பந்தக் கூலிகளோடு ஓல்ட் ஹார்பர் பேயில் வந்து நின்றது. இன்று அங்கே விருந்தென்றால் ஆட்டுக்கறிக் குழம்பு இருக்கிறதே, அது அவர்கள் கொண்டுபோனது.

காலைச் சாப்பாட்டை ஒரு நாள் வெளியே சாப்பிடுங்கள். அக்கி என்று ஒரு பழம். மரத்திலேயே தானாக வாய் பிளந்த பிறகுதான் பறிப்பார்கள், அதற்கு முன் அது நஞ்சு. அதை உப்பிட்ட காட் மீனோடு வதக்கித் தட்டில் வைக்கும்போது பார்த்தால் முட்டைப் பொரியல் போல இருக்கும். அந்த உப்பு மீன் உங்கள் கனடாக் கரையிலிருந்து, அடிமைகளுக்குப் படியளக்க மலிவுச் சரக்காகப் போனது. பக்கத்திலேயே சுட்ட ஈரப்பலா இருக்கும். அதையும் 1793இல் பிளை என்ற கப்பல் தலைவர் தஹிட்டியிலிருந்து கொண்டுவந்தது அடிமைகளின் வயிற்றுக்காகத்தான். யாழ்ப்பாணத்தில் பிறந்தவருக்கு அந்த வாசனை பிடிபடாமல் போகாது.

ஆபத்தே இல்லை என்று உங்கள் தங்கையோடு வாதாட மாட்டேன். போகக்கூடாத தெருக்கள் இருக்கின்றன. எவை என்று உங்கள் அறையைச் சுத்தம் செய்ய வரும் பெண்ணிடம் கேளுங்கள். வரவேற்பு மேசையை விட அவருக்குத்தான் ஊர் தெரியும். அவர் பேரையும் கேட்டுக்கொள்ளுங்கள். 2025 ஜூனில் ஜமைக்காவின் குறைந்தபட்சக் கூலி நாற்பது மணி நேர வாரத்துக்கு 16,000 ஜமைக்கா டாலராக உயர்ந்தது. அமெரிக்கப் பணத்தில் ஏறத்தாழ நூறு. 2024 நவம்பரில் பல விடுதிகளின் ஊழியர்கள் சம்பளம் கேட்டு வேலையை நிறுத்தி வாசலில் நின்றார்கள். கட்டணத்தில் ‘எல்லாம் அடக்கம்’ என்பதால் அவருடைய வீட்டு அடுப்பும் அதில் அடங்கிவிட்டதாக நினைத்துவிடாதீர்கள். சில விடுதிகள் ஊழியர்கள் அன்பளிப்பு வாங்கக்கூடாது என்று தடை போட்டிருக்கின்றன. முன்கூட்டியே விசாரியுங்கள், அவர் வேலைக்கு வினை வைக்க வேண்டாம். தடை இல்லையென்றால் கடைசி நாளுக்காகக் காத்திருக்காமல் அன்றன்றைக்கே கையில் கொடுங்கள். நாளை வேறொருவர் வரக்கூடும்.

2025 அக்டோபர் 28 அன்று மெலிசா புயல் ஐந்தாம் வகை வேகத்தில் மேற்கு ஜமைக்காவில்தான் கரையேறியது. நீங்கள் போகும் ஊரும் அந்தப் பக்கம்தான். விடுதிக்கு மகன் கட்டிய பணம் ஒருபுறம் இருக்க, சாலையோரம் பழம் விற்பவரிடமும் மீன் பொரிப்பவரிடமும் நீங்கள் கொடுக்கும் பணம் நேராக ஒரு வீட்டுக்குப் போகும்.

வாடகைக் காருக்குச் சிவப்பு எண் பலகை இருக்கிறதா என்று பார்த்து ஏறுங்கள். உரிமம் பெற்ற வண்டிக்கு அதுதான் அடையாளம். வாடகையை ஏறும் முன்பே பேசிவிடுங்கள். கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.