நோயைப் போர் என்றால் எதிரி யார்?

கொரோனா காலத்தில் தலைவர்கள் ஆற்றிய உரைகளைப் பற்றிக் கும்பகோணத்தில் பேசினேன். கூட்டம் முடிந்ததும் வந்த கேள்விகளில் சில.

பாபநாசம் வாசகர்: எல்லோரும் நோயைப் போர் என்றே சொன்னார்களே, ஏன் ஐயா?

சொன்னவுடன் புரியும், எதிர்க்கேள்வி கேட்பவரின் வாயையும் அடைக்கும். 2020 மார்ச் 16 அன்று பிரான்ஸ் அதிபர் மக்ரோன் ஒரே உரையில் ஆறு முறை ‘நாம் போரில் இருக்கிறோம்’ என்றார். மார்ச் 25 அன்று பிரதமர் மோடி, பாரதப் போர் 18 நாளில் முடிந்தது, இதற்கு 21 நாள் என்றார். நாள் குறித்தால் வம்புதான். ஊரடங்கு மே மாதத்தையும் தொட்டது. அதைவிடப் பெரிய வம்பு, போர் என்றதும் மக்கள் எதிரியைத் தேடுவார்கள். கிருமி கண்ணுக்குத் தெரியாது. காய்ச்சலில் படுத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் தெரிவார்.

வலங்கைமான் வாசகி: நம் பக்கத்தில் நோயை அப்படிப் பேசுவதில்லையே?

இல்லை அம்மா. அம்மை கண்டால் ‘ஆத்தா வந்திருக்கிறாள்’ என்போம். வாசலில் வேப்பிலை செருகியிருந்தால் வெளியாள் உள்ளே நுழையமாட்டார். ஒதுங்கல் நடந்துவிடும், ஆனால் படுத்திருப்பவர் குற்றவாளி ஆவதில்லை. உங்கள் ஊர் மாரியம்மனுக்குப் பாடைக்காவடி எடுப்பவர்கள், பிழைத்ததற்கு நன்றியாகப் பிணம்போல் படுத்து வருகிறார்கள். (பெரியம்மையை ஒழித்தது தடுப்பூசிதான். நான் ஊசி வேண்டாம் என்றேன் என யாரும் கிளப்பிவிட வேண்டாம்.)

மார்ச் 24 உரையில் மோடி வீட்டு வாசலில் ‘லட்சுமண ரேகை’ என்றார். போரைவிட இது தேவலை. எங்கே நிற்க வேண்டும் என்பது கண்முன் தெரிகிறது. ஆனால் கோட்டைத் தாண்டியவள் தலையில் பழி விழும் கதை அது. தேரழுந்தூர்க் கம்பர் பாடிய ராமாயணத்தில் அந்தக் கோடே கிடையாது. நம் ஊருக்கு வேப்பிலையே போதும்.

மன்னார்குடி செவிலியர்: ‘சமூக இடைவெளி’ தவறான சொல்லா?

விலக வேண்டியது உடல்தானே, உறவு இல்லையே. உலக சுகாதார நிறுவனமே 2020 மார்ச்சில் ‘உடல் இடைவெளி’ என்ற பொருளுள்ள சொல்லுக்கு மாறியது. தெருவையே பிரித்து வைத்த தஞ்சை மண்ணில் ‘சமூக’ என்பது கூடுதலாகவே உறுத்தும்.

மயிலாடுதுறை மாணவர்: உங்களுக்குப் பிடித்த உரை?

ஜெர்மனியின் அன்றைய ஆட்சித் தலைவர் மெர்கெல், மார்ச் 18. கிழக்கு ஜெர்மனியில் வளர்ந்தவர். நடமாடும் உரிமையைப் போராடிப் பெற்ற தன்னைப் போன்றவர்களுக்கு, தவிர்க்கவே முடியாதபோதுதான் இந்தத் தடை நியாயமாகும் என்றார். தடை போடுபவரே அதன் வலியைச் சொன்னார்.

திருத்துறைப்பூண்டி விவசாயத் தொழிலாளி: ‘வீட்டில் இரு’ என்றார்கள். அடுப்புக்கு என்ன செய்வது என்று யார் சொன்னார்கள்?

‘விழித்திரு, விலகி இரு, வீட்டில் இரு’ நன்றாகவே நாக்கில் ஒட்டியது. ஆனால் அது மாதச் சம்பளக்காரர் காதுக்கு எழுதியது. தினக்கூலிக்கு அடுத்த வாக்கியமும் வேண்டும். அரிசி அட்டைக்கு 1,000 ரூபாய், விலையில்லா அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரை என்று தமிழக அரசு அறிவித்தது அந்த வாக்கியம். எதுகையும் இல்லை, மோனையும் இல்லை. எங்கள் தெருவில் கீரை விற்கும் பாட்டி இன்றைக்கும் வரிசை மாறாமல் சொல்வார்.