14-ஆம் நாள் எல்லாருக்கும் பொருந்துமா?

கேள்வி: டாக்டர், கல்யாணமாகி எட்டு மாசம் ஆச்சு. எனக்கு வயசு 27, பீரியட்ஸ் 35 நாளைக்கு ஒரு தடவைதான் வரும். 14-ஆம் நாள் முட்டை வெடிக்கும்னு அக்கா சொன்னாங்க, அதனால அதை ஒட்டி ரெண்டு நாள் மட்டும் சேர்ந்திருக்கோம், ஒண்ணும் தங்கல. மாசாமாசம் அத்தை 'நாள் தள்ளிப்போச்சா'ன்னு கேக்குறாங்க. எனக்கு ஏதாவது குறையா?
- வாசகி, விருதுநகர்

பதில்: குறைன்னு நீங்களே முடிவு கட்டாதீங்கம்மா, நாள் கணக்குதான் மாறியிருக்கு. 14-ஆம் நாள்ங்கிறது 28 நாள் சைக்கிள் உள்ளவங்களுக்கு. முட்டை வெடிச்சதுலருந்து அடுத்த பீரியட்ஸ் வரைக்கும் பெரும்பாலானவங்களுக்கு கிட்டத்தட்ட 14 நாள்தான், அதுக்கு முந்தின பாதிதான் ஆளுக்கு ஆள் நீளும். அதனால பின்னாலருந்து கழிக்கணும், 35-ல 14 போனா உங்களுக்கு 21-ஆம் நாள் வாக்குலதான் வெடிக்கும்.

வெளிய வந்த முட்டைக்கு ஆயுசு 12லருந்து 24 மணி நேரம்தான், ஆனா விந்தணு உள்ள 5 நாள் வரைக்கும் உயிரோட இருக்கும், அதனால 15-ஆம் நாள்லருந்து 22 வரைக்கும் ஒருநாள் விட்டு ஒருநாள் சேர்ந்திருந்தாலே போதும், ஒரே நாளைக் குறிவெச்சு டென்ஷன் ஆக வேணாம்.

கரு உருவாகுறது கர்ப்பப்பைக்குள்ளன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, இல்ல, கருக்குழாய்லதான். கோடிக்கணக்குல கிளம்புற விந்தணுவுல முட்டை பக்கம் போய்ச் சேர்றது சில நூறுதான், அதுல ஒண்ணு உள்ள நுழைஞ்சதும் முட்டையோட மேலுறை இறுகிடும், அப்புறம் வேற எதையும் விடாது. ஒரு நாள் போல கழிச்சு ரெண்டு செல், அப்புறம் நாலு, எட்டுன்னு பிரிஞ்சுக்கிட்டே நகர்ந்து கர்ப்பப்பைக்கு வந்து, பெரும்பாலும் 6லருந்து 10 நாளுக்குள்ள ஒட்டிக்கும். ஒட்டினதுக்கு அப்புறம்தான் எச்சிஜி ஹார்மோன் ரத்தத்துல ஏறும், யூரின் டெஸ்ட் காட்டுறது அதைத்தான். நாள் தள்ளிப்போறதுக்கு முன்னாடியே கார்டு வாங்கிப் பாத்துட்டு அழாதீங்கம்மா. ஒட்டாமலே கலைஞ்சு போற கருவும் நிறைய உண்டு, அது உங்க தப்பில்ல.

ஃபோலிக் ஆசிட் மாத்திரையை இப்பவே டாக்டர்கிட்ட கேட்டு ஆரம்பிங்க. ஒரு வருஷம் முயற்சி பண்ணியும் தங்கலன்னா டாக்டரைப் பாருங்க, சைக்கிள் 35 நாளைத் தாண்டி இழுத்தா அதுக்கு முன்னாடியே போயிடுங்க. போகும்போது அவரையும் கூட்டிட்டுப் போங்க, விந்தணு டெஸ்ட் முதல்லயே எடுக்கணும், பொண்ணை மட்டும் ஸ்கேன் ஸ்கேனா அலையவிடுறதைப் பாத்தா எனக்கு மனசு ஆறவே மாட்டேங்குது.